டிஎன் 29-க்கு நீளமான வார்த்தை கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரியில் வேலை பார்க்கிறார். ஏழாவது படிக்கும் மகளோடு தினமும் தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறார். முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து, அதிலுள்ள எழுத்துகள் அதே வரிசையில் வருகிற நீளமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் ஆட்டம். நடுவில் வேறு எழுத்துகள் எத்தனை வந்தாலும் சரி. யார் வார்த்தை நீளமோ அவருக்குப் பாயின்ட். "ஆறேழு எழுத்துக்கு மேல் எங்களுக்கு ஓடவில்லை. பி-யும் ஒய்-யும் சேர்ந்து வந்தால் திணறுகிறோம், ஜே வந்தால் கையை விரித்துவிடுகிறோம். மனசுக்குள்ளேயே தேட வழி உண்டா? வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் எப்படிச் சரிபார்ப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. நான் தர்மபுரியில் 26 வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவன். என்னிடம் வந்த பிள்ளைகள் ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று ஆரம்பித்து, நிமிஷத்துக்கு 30 வார்த்தையில் லோயர் பாஸ் செய்து, 45 வார்த்தையில் ஹையருக்குப் போவார்கள். அந்த 30-க்கும் 45-க்கும் நடுவில்தான் ஒரு விஷயம் நடக்கும். லோயர் பிள்ளை எழுத்து எழுத்தாகத் தட்டும். ஹையர் பிள்ளை துண்டு துண்டாகத் தட்டும். 'ஷன்' என்ற வால் வந்துவிட்டால் இடது கை டி-யை அடிக்க, வலது கை ஐ, ஓ, என் மூன்றையும் ஒரே வீச்சில் முடித்துவிடும். யோசிக்கவே வேண்டாம். உங்கள் ஆட்டத்தில் நீங்கள் லோயரில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். எழுத்தைத் தேடாதீர்கள், எழுத்தைச் சுமந்து வரும் துண்டைத் தேடுங்கள்.

மேலே போவதற்கு முன் ஒரு சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் இங்கிலீஷின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் 'பி' ஆகிவிடுகின்றன; நான்காவதும் இருபதாவதும் 'டி' ஆகிவிடுகின்றன. இன்ஸ்டிட்யூட்டில் நாங்கள் ஊர்ப் பெயரை வைத்துச் சமாளிப்போம்: பர்கூர் பி, பாலக்கோடு பி, தர்மபுரி டி, தமிழ்நாட்டு டி. இங்கே வெறுமனே பி என்றால் பர்கூர் பி, வெறுமனே டி என்றால் தமிழ்நாட்டு டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 'இந்த எழுத்துகள் உள்ள வார்த்தை' என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அதில் மூன்று ஆட்டம் இருக்கிறது. எழுத்துகள் எந்த வரிசையில் வந்தாலும் போதும் என்பது சுலபமானது. வரிசை மாறக்கூடாது, நடுவில் இடைவெளி இருக்கலாம் என்பது நடுத்தரம். உங்கள் ஆட்டம் இது. ஒட்டி ஒட்டியே வர வேண்டும் என்பது கடினம். போனில் தேடி ஏமாந்தவர்களில் பாதிப்பேர் ஓர் ஆட்டத்துக்கு விடை தேடி, இன்னோர் ஆட்டத்தின் விடையை எடுத்து வந்தவர்கள்.

இங்கிலீஷில் நீளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தமிழில் 'போகவேண்டியிருந்தவர்களுக்காகத்தான்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், அது ஒட்டி ஒட்டிச் சேர்த்தது என்று நமக்குத் தெரியும். இங்கிலீஷ் நீள வார்த்தையும் ஒட்டுதான். நம் பக்கத்து ஒட்டு மாங்கன்று மாதிரி அடியில் ஒரு வேர்ச்செடி, மேலே வேறொரு கிளை. நேஷன் 6 எழுத்து. ஒரு ஒட்டுப் போட்டால் நேஷனல், 8. முன்னால் இன்டர் சேர்த்தால் 13. பின்னால் ஐஸ் சேர்த்தால் 16. இன்டர்நேஷனலைசேஷன் என்று முடித்தால் 20. கம்ப்யூட்டர்காரர்கள் இதை முழுசாக எழுதச் சோம்பல்பட்டு, முதல் எழுத்து ஐ-க்கும் கடைசி எழுத்து என்-க்கும் நடுவில் உள்ள 18 எழுத்தையும் தூக்கிவிட்டு 'ஐ18என்' என்று எழுதுகிறார்கள்.

ஆகவே நீளம் என்பது வாலின் வேலை. அதைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது பிளேட்டில் உள்ள அரிதான எழுத்து. க்யூ, இசட், ஜே, எக்ஸ், இவை ராஜா எழுத்துகள். எழுத்துக் காய்களை அடுக்கி வார்த்தை அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில் க்யூ-வுக்கும் இசட்-டுக்கும் 10 பாயின்ட், ஜே-வுக்கும் எக்ஸ்-சுக்கும் 8. ஈ-க்கு வெறும் 1. நூறு காயில் ஈ மட்டும் 12 இருக்கும். க்யூ ஒன்றே ஒன்று. அரிதான எழுத்து எந்த வேர்ச்சொல்லில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, மீதி எழுத்துகளைத் தலையிலும் வாலிலும் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் தேடுகிறார்கள். அப்படித் தேடினால் கடைசி எழுத்தில் மாட்டிக்கொள்வோம்.

உங்கள் பிளேட்டுகளில் ஒரு வசதி இருக்கிறது. தர்மபுரி டிஎன் 29, கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70. எல்லாமே டி, என் என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் டி-க்குப் பின் என் வருகிற தலைகளை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளலாம். 'ஷன்' வாலில் டி-யும் என்-னும் வரிசையாக இருக்கின்றன, ஆனால் அது வார்த்தையின் கடைசி. அதற்குப் பிறகு வேறு எழுத்து நுழைய இடமில்லை. நமக்கு வேண்டியது டி-யும் என்-னும் சீக்கிரம் முடிந்துவிடும் தலை. அதில் முதலிடம் 'ட்ரான்ஸ்'. ஐந்து எழுத்துக்குள் இரண்டும் முடிந்துவிடும், மீதி வார்த்தை முழுக்கக் காலி. அடுத்தது 'டெய்ன்' என்று ஒலிக்கும் வேர்: மெயின்டெய்ன், சஸ்டெய்ன், கன்டெய்ன், என்டர்டெய்ன். மூன்றாவது 'இன்டர்'. இதில் ஒரு பொறி உண்டு. இன்டரில் என் முதலில், டி பின்னால். அந்த என் நமக்கு உதவாது; டி-யைத் தாண்டி இன்னொரு என் வர வேண்டும். 'ஆன்டி'-யும் அப்படியே. பிள்ளைகள் இங்கேதான் அடிக்கடி தப்புவார்கள்.

இப்போது உங்களைத் திணறடித்த பி, ஒய்-க்கு வருவோம். டிஎன், அப்புறம் பிஒய். பி-யையும் ஒய்-யையும் சேர்த்துச் சுமந்து வரும் வால் ஒன்று இருக்கிறது: 'எபிலிட்டி'. ஏழு எழுத்து இலவசம். அதன் முன்னால் டி, என் உள்ள எதையாவது ஒட்டினால் போதும். சஸ்டெய்னபிலிட்டி, 14. இது இப்போது எல்லா நியூஸிலும் அடிபடும் வார்த்தை, பாப்பாவுக்கே தெரிந்திருக்கும். மெயின்டெய்னபிலிட்டி, 15. தலையை மாற்றி ட்ரான்ஸ்போர்ட்டபிலிட்டி என்றால் 16. இன்டர்சேஞ்சபிலிட்டி என்றால் 18. இன்டரின் டி, சேஞ்சின் என், பிறகு பி, கடைசியில் ஒய். திணறிக்கொண்டிருந்த இடத்தில் நான்கு விடை வந்துவிட்டது. மூளை ஒன்றும் கூடுதலாக வேலை செய்யவில்லை, வாலைப் பிடித்தோம்.

இப்படி ஒவ்வோர் அரிய எழுத்துக்கும் நான்கைந்து துண்டுகள் கையில் இருந்தால் போதும். இசட் வந்தால் 'ஐசேஷன்' வால். டி, என், ஏ, இசட் வந்தால் நேஷனலைசேஷன், 15. வி வந்தால் 'இவ்', 'ஏட்டிவ்', அல்லது தலையில் 'ஓவர்'; டி, என், ஏ, வி-க்கு ஆல்டர்னேட்டிவ்லி, 13. எஃப்-க்கு 'ஃபிகேஷன்', உருவத்தையே தாறுமாறாக மாற்றுவதைச் சொல்லும் ட்ரான்ஸ்மாக்ரிஃபிகேஷன் 18 எழுத்து, அதில் எம், ஜி, எஃப் மூன்றும் கிடைக்கும். டபிள்யூ இருந்தால் வொர்க், வொர்தி, வார்டு. ட்ரஸ்ட்வொர்தினெஸ் 15, முன்னால் 'அன்' சேர்த்தால் 17. எக்ஸ்-சுக்கு 'எக்ஸ்' தலையும் 'டாக்ஸ்' என்ற விஷ வேரும். டி, என்-னுக்கு அப்புறம் எக்ஸ் என்றால் கொஞ்சம் கஷ்டம். ட்ரான்ஸ்ஃபிக்ஸ், 8. பதற்றத்துக்குக் கொடுக்கும் மருந்தைக் குறிக்கும் ஆன்டிஆங்ஸைட்டி, 11.

க்யூ-வைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். க்யூ வந்தால் யூ கூடவே வரும், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. அதனால் குவஸ்ட், குவாலிட்டி, குவான்டிட்டி, சீக்வென்ஸ், ஈக்வல் என்று வேர்கள் எண்ணிச் சொல்லிவிடலாம். டி, என், க்யூ, இசட் என்று ஒரு பிளேட் வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு பத்துப் பாயின்ட் எழுத்தும் ஒன்றாக வந்தால் நானே ஒரு நிமிஷம் யோசிப்பேன். ஆனால் விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை ஊருக்குள் வந்தால் வனத்துறை எதைப் போடுகிறது? மயக்க ஊசி. இங்கிலீஷில் ட்ரான்க்விலைசர். இரண்டு எல் போட்டு எழுதினால் 13 எழுத்து. டி, என், க்யூ, இசட் நான்கும் வரிசை தவறாமல் நிற்கின்றன.

இந்த இரண்டு எல் விஷயம் சின்னதில்லை. அமெரிக்க ஸ்பெல்லிங்கில் ஒரு எல்தான், 12 எழுத்து ஆகிவிடும். நீள வார்த்தை தேடுகிறவர்கள் இரண்டு ஸ்பெல்லிங்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது பெரிய லாபம். யூ வேண்டும் என்றால் பிரிட்டிஷ் பக்கம் போங்கள். கலர், ஃபேவர், லேபர் எல்லாவற்றிலும் அவர்கள் ஒரு யூ கூடுதலாகப் போடுவார்கள். இசட் வேண்டும் என்றால் அமெரிக்காக்காரர் எழுதுவது போல் ஐசேஷனை இசட்டில் எழுதுங்கள். எஸ் வேண்டும் என்றால் அதையே பிரிட்டிஷ் மாதிரி எஸ்-ஸில் எழுதுங்கள். நான் ஒரு தடவை இதில் மாட்டியிருக்கிறேன். கே-யும் டபிள்யூ-வும் வருகிற வார்த்தை சொல் என்று பிள்ளைகளுக்குள் போட்டி. ஒரு பையன் அக்னாலெட்ஜ்மென்ட் என்றான், 15 எழுத்து என்றான். நான் 14 என்று சாதித்தேன், அவனுக்குப் பாயின்ட் தரவில்லை. எனக்குப் பழக்கமான பயிற்சிப் புத்தகத்தில் ஜி-க்குப் பின் ஈ இல்லாமல் இருந்தது. இரண்டும் சரி. மறுநாள் அவன் டிக்ஷனரியோடு வந்து நின்றான். வாத்தியார் சொன்னால் சரிதான் என்று மற்ற பிள்ளைகள் நம்பியிருந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நீள வார்த்தைக்கு எங்கேயோ போக வேண்டியதில்லை, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும். அரசாங்க போர்டுகள் இங்கிலீஷில் என்ன சொல்கின்றன? பட்டு வளர்ப்புத் துறை: செரிகல்ச்சர், 11. தர்மபுரியில் பட்டுக்கூடு ஏலம் நடக்கிற ஊர்க்காரர்களுக்கு இது அடுப்படி வார்த்தை. தோட்டக்கலைத் துறை: ஹார்ட்டிகல்ச்சர், 12. ஓசூர் ரோஜாவுக்கு ஃப்ளோரிகல்ச்சர், 12. கிருஷ்ணகிரி அணையில் மீன் வளர்ப்பதைச் சொல்ல பிஸிகல்ச்சர், அதுவும் 12. இதே வார்த்தைகளை ஆளாக மாற்றினால் ஹார்ட்டிகல்ச்சரிஸ்ட் 14, ஃப்ளோரிகல்ச்சரிஸ்ட் 14. 'கல்ச்சர்' என்ற வாலில் சி, யூ, எல், டி, ஆர், ஈ எல்லாம் அடங்கியிருக்கிறது. எல்-லும் யூ-வும் உள்ள பிளேட்டுக்கு இது கை கொடுக்கும். அப்புறம் கிரானைட். கிருஷ்ணகிரிக் கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் வெறும் 6 எழுத்துதான், ஆனால் க்யூ-வும் இசட்-டும் ஒரே சொல்லில். ஸ்க்ராபிளில் எழுத்து மதிப்பு மட்டுமே 24. கல் உருவாகும்போது நடப்பது கிறிஸ்டலைசேஷன், 15. பட்டுத் தறியில் பூ வேலைக்கு ஏற்றும் ஜக்கார்டு 8 எழுத்து, அதில் ஜே-யும் க்யூ-வும் சேர்ந்து இருக்கின்றன. ஜே, க்யூ சேர்ந்து இருக்கும் வார்த்தையை டிக்ஷனரியில் தேடினால் கண் வலிக்கும்; தறிக்காரர் வீட்டில் கேட்டால் உடனே கிடைக்கும்.

காரிமங்கலம், காவேரிப்பட்டணம் தாண்டி கிருஷ்ணகிரி டோல்கேட்டை நெருங்கும்போது ஆட்டம் சூடு பிடிக்கும், ஏனென்றால் அங்கே நாடு முழுக்க உள்ள லாரியும் நிற்கும். ராஜஸ்தான் லாரி ஆர்ஜே: ரெஜுவினேஷன், 12. மேற்கு வங்காளம் டபிள்யூபி: நாலெட்ஜபிள், 13. குஜராத்தின் ஜிஜே கொஞ்சம் படுத்தும். ஜி-க்கு அப்புறம் ஜே வருகிற வார்த்தை இங்கிலீஷில் மிகக் குறைவு. மரக்கட்டைகள் ஆற்றில் அடைத்துக்கொள்வதைச் சொல்லும் லாக்ஜாம் இருக்கிறது, ஆனால் 6 எழுத்துதான். இந்த மாதிரி முட்டுச்சந்தில் நான் எப்போதும் டாக்டர்களிடம் போவேன். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷனுக்கு கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி என்று பெயர், 17 எழுத்து, ஜி முன்னால், ஜே பின்னால். மருத்துவம் கிரேக்கத்தையும் லத்தீனையும் கூச்சமில்லாமல் ஒட்டும் இடம்; வேறெங்கும் கிடைக்காத எழுத்துச் சேர்க்கை அங்கே கிடைக்கும்.

கர்நாடக வண்டி கேஏ உங்கள் ரோட்டில் நிறைய. நான் ரொம்ப நாள் தேடியது டிஎன்-னும் கேஏ-வும் இரண்டும் ஒரே வார்த்தையில், அதே வரிசையில் வருமா என்று. வந்தது: அன்திங்கபிள். டி, ஹெச், ஐ, என், கே, ஏ. நினைத்தே பார்க்க முடியாதது என்று அர்த்தம்! காவிரி ஒகேனக்கலில் விழுகிற மாவட்டத்துக்காரனுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா. இதை அன்திங்கபிலிட்டி என்று நீட்டினால் 14. ஒட்டு வேலைக்கும் இது நல்ல உதாரணம்: 'அன்' இங்கிலீஷ் தலை, 'திங்க்' இங்கிலீஷ் வேர், 'ஏபிள்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வால். கே உள்ள வேர்கள் பெரும்பாலும் இப்படிச் சுத்த இங்கிலீஷ் வேர்கள்தான்: திங்க், ப்ரேக், வொர்க், புக். திருப்பிப் போட்டு, கேஏ முதலில், டிஎன் பின்னால் வேண்டுமானால் ஸ்கேட்போர்டிங், 13.

ஒரு சின்னத் தகவல், ஆட்டத்துக்கு உதவும். ஊர் நம்பருக்குப் பின் வரும் சீரிஸ் எழுத்தில் ஐ-யும் ஓ-வும் வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். அரசுப் பஸ் என்றால் என் சீரிஸ். ஆக நம் ஊர் டவுன் பஸ்ஸுக்கு எப்போதும் டி, என், என். இன்டர்நேஷனலைசேஷன் 20-ஐ ஒரு தடவை சொல்லிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அதையே சொல்லலாம். பாப்பா அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.

சரி, கம்ப்யூட்டர். இதற்குத் தனி வெப்சைட், ஆப் எல்லாம் இருக்கின்றன. எனக்கு அவற்றில் பிடிக்காதது, எந்தப் பட்டியலில் தேடுகிறது என்று சொல்லாது. விடை சரியா என்பது தேடும் கருவியைவிட, தேடப்படும் பட்டியலைப் பொறுத்தது. ஸ்க்ராபிள் போட்டிக்கான பட்டியலில் தேடினால் 15 எழுத்துக்கு மேல் ஒன்றுமே வராது, ஏனென்றால் ஸ்க்ராபிள் பலகை 15 கட்டம்தான். அதற்கு மேல் நீளமான வார்த்தையை வைக்க இடமில்லை. நம் இன்டர்சேஞ்சபிலிட்டி அதில் இருக்காது. இல்லை என்று வந்ததும் வார்த்தையே தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேக் கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் பட்டியல் 1934-ல் வந்த வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது. அதில் பழைய விசித்திர வார்த்தைகள் கொட்டிக் கிடக்கும், ஆனால் பெரும்பாலும் பன்மை இருக்காது. எனேபிள் என்ற பட்டியல் இலவசம், 1,72,000-க்கும் மேல் வார்த்தைகள், 15 எழுத்து வரம்பும் இல்லை. உங்கள் வேலைக்கு அது போதும்.

பட்டியலை இறக்கி எக்செலில் ஒரு நெடுவரிசையில் (காலம் என்பார்கள்) போடுங்கள். வரிக்கு ஒரு வார்த்தை. இப்போதைய எக்செலில் பத்து லட்சம் வரிக்கு மேல் இடம் இருக்கிறது, அதனால் திணறாது. பக்கத்துக் காலத்தில் லென் என்ற ஃபார்முலா போட்டு எழுத்து எண்ணிக்கை வாங்குங்கள். பிறகு வார்த்தைக் காலத்துக்கு ஃபில்டர் போட்டு, எழுத்துகளை நட்சத்திரக்குறி நடுவில் வைத்துத் தட்டுங்கள்: முதலில் ஒரு நட்சத்திரம், டி, நட்சத்திரம், என், நட்சத்திரம், பி, நட்சத்திரம், ஒய், கடைசியில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் என்றால் 'இங்கே எது வேண்டுமானாலும் வரலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம்' என்று அர்த்தம். எழுத்து எண்ணிக்கையைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கினால் உங்கள் ஆட்டத்தின் முழு விடைப் பட்டியலும் கண் முன்னால். வரிசை முக்கியமில்லை என்ற ஆட்டத்துக்கு, ஓர் எழுத்துக்கு ஒரு ஃபில்டராக அடுத்தடுத்து வடிகட்டுங்கள். நான்கு சல்லடை வைத்து மாவு சலிப்பது மாதிரிதான்.

லினக்ஸ் பழக்கம் உள்ள அண்ணன் தம்பி யாராவது வீட்டில் இருந்தால், கிரெப் என்று ஒரு கட்டளை இருக்கிறது, 1973-ல் கென் தாம்ப்சன் எழுதியது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த வேலைக்கு அதைவிடச் சுலபமானது இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. எக்செலில் நட்சத்திரம் மட்டும் போதும். கிரெப்பில் நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் 'முந்தின எழுத்து எத்தனை தடவை வேண்டுமானாலும்' என்று அர்த்தம் மாறிவிடும், விடை கன்னாபின்னாவென்று வரும்.

ஏஐ-யிடம் கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள், ஆனால் எண்ணிப் பார்க்காமல் ஏற்காதீர்கள். அது வார்த்தையை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாகப் பார்க்கிறது, எங்கள் ஹையர் பிள்ளைகள் மாதிரி. அதனால் அர்த்தம் சரியாகச் சொல்லிவிட்டு எழுத்து எண்ணிக்கையில் கோட்டை விடும்.

ரொம்ப நீளமான வார்த்தையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எல்லா பிளேட்டுக்கும் ஆகுமே என்று ஒரு குறுக்கு வழி தோன்றும். தோன்றட்டும், ஆனால் அது வேலைக்கு ஆகாது. பெரிய இங்கிலீஷ் டிக்ஷனரிகளில் உள்ள மிக நீளமான வார்த்தைக்கு 45 எழுத்து. நியூமோனோ என்று ஆரம்பித்து கோனியோசிஸ் என்று முடியும். நுரையீரலுக்குள் சிலிக்கா தூசு படிவதால் வரும் நோய் என்று அர்த்தம். 1935-ல் அமெரிக்கப் புதிர்ச் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் என்பவர், நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கட்டிவிட்ட சொல் அது. நோய் மட்டும் நிஜம். அதன் உண்மையான பெயர் சிலிகோசிஸ், 9 எழுத்து. கல் குவாரியில் தூசு தின்று வேலை செய்கிறவர்கள் இருக்கும் மாவட்டத்தில் அதை விளையாட்டாகச் சொல்ல எனக்கு மனசு வராது. அது கிடக்கட்டும், எழுத்தைப் பாருங்கள். அந்த 45 எழுத்தில் வெவ்வேறு எழுத்து 14 மட்டும்தான். பி, எஃப், ஜி, ஹெச், ஜே, கே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட், தர்மபுரி டி, இந்தப் பன்னிரண்டும் அதில் இல்லை. இதற்கு எதிராக அன்காப்பிரைட்டபிள் என்று ஒரு வார்த்தை, காப்புரிமை வாங்க முடியாதது என்று அர்த்தம். மொத்தம் 15 எழுத்து, 15-ம் வேறு வேறு. மூன்று மடங்கு நீளமானது பிடிக்காத பி, ஜி, ஹெச், ஒய் நான்கையும் இது பிடித்து வைத்திருக்கிறது. கைரேகை அறிவியலைச் சொல்லும் டெர்மடோகிளிஃபிக்ஸும் அப்படியே, 15-க்கு 15.

கடைசியாக நீங்கள் கையை விரித்த ஜே. டி, என், ஜே. ஜே-யின் வேர்கள் குறைவு: ஜெக்ட், ஜங்ஷன், ஜட்ஜ், ஜஸ்ட், ஜாயின். ஜே-க்கு முன்னால் என் வேண்டும்; இன்ஜெக்ட் என்றால் அது ஒட்டியே வந்துவிடுகிறது. இனி அதற்கும் முன்னால் ஒரு டி வேண்டும். இன்டர்ஜெக்ஷன் என்று உடனே வாயில் வரும், ஆனால் அதில் என் முந்திக்கொள்கிறது, டி-க்கும் ஜே-க்கும் நடுவில் என் இல்லை. டி உள்ள வேறு தலைகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள்: ஆன்டி, போஸ்ட், ஆட்டோ. ஆட்டோஇன்ஜெக்டர். ஆபத்தில் தொடையில் வைத்து அழுத்தினால் தானே மருந்து ஏற்றிக்கொள்ளும் ஊசி. 12 எழுத்து. நாளைக்குக் காரிமங்கலம் வரும் முன்பே சொல்லிவிடாதீர்கள். பாப்பா 'ஆட்டோ' வரைக்கும் தானே வருகிறதா என்று பாருங்கள்.